டாஃபடிலும் அதன் உறவுக்காரச் செடிகளும்

மும்பையின் சயானில் டாஃபடில் வளருமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் ஒரு தொட்டியைப் பூக்க வைத்துப் பார்க்கலாம். ஆண்டுதோறும் தானாக முளைத்துப் பூக்கும் செடியாக அதை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. பள்ளிக்கூடத்தில் வேர்ட்ஸ்வொர்த் கவிதையோடு மனதில் பதிந்த அந்த மஞ்சள் பூவை ஒரு தடவையாவது நம் ஜன்னலில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அதற்கான வழியை இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன். ஆனால் இதில் பெரும்பகுதி டாஃபடிலின் உறவுக்காரச் செடிகளைப் பற்றியது. அவை இந்த ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தியவை. ஒரு தடவை வாங்கினால் பல வருஷம் கூடவே இருப்பவை.

டாஃபடில் ஏன் இங்கே நிலைக்காது என்று தெரிந்துகொண்டால் மற்றச் செடிகளை வளர்ப்பது பாதி புரிந்துவிடும். இதன் தாயகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும்; கோடை வறண்டு கிடக்கும். செடி இலையுதிர் காலத்தில் வேர் விட்டு, குளிரில் நனைந்து, வசந்தத்தில் பூத்து, கோடையில் மண்ணுக்கடியில் உலர்ந்து தூங்கும். அடுத்த வருஷத்துப் பூமொட்டு அந்தத் தூக்கத்தின்போதே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. அந்த மொட்டைத் தாங்கிய காம்பு நீண்டு வெளியே வர 12 முதல் 16 வாரங்கள் தொடர்ந்து 2 முதல் 9 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். குளிர் போதவில்லை என்றால் இலை மட்டும் வரும். மொட்டு உள்ளேயே கருகிவிடும்.

மும்பையில் ஜனவரி மாத அதிகாலையே சராசரியாக 17 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 டிகிரி. அது 1962 ஜனவரி 22ஆம் தேதி ஒரு காலைப் பொழுது. டாஃபடிலுக்குத் தேவையானது அப்படிப்பட்ட காலைகள் மூன்று மாதத்துக்கு. அதைவிடப் பெரிய தடை மழை. கிழங்கு உலர்ந்து தூங்க வேண்டிய ஜூன் முதல் செப்டம்பர் வரையில்தான் இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி, 2000 மி.மீ.க்கு மேல், கொட்டித் தீர்க்கிறது. ஜூலையில் மட்டும் 800 மி.மீ. தாண்டும். குளிர் வேண்டிய நேரத்தில் குளிர் இல்லை. காய வேண்டிய நேரத்தில் ஈரம். ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி துலிப் தோட்டத்தில் மார்ச் கடைசியில் துலிப்புகளோடு டாஃபடிலும் பூத்து நிற்பதைப் பார்த்தவர்கள் அங்கிருந்து கிழங்கு வாங்கி வர நினைப்பதுண்டு. வாங்கி வந்தாலும் சயானில் நடப்பது இதுதான்.

எனவே நமக்கு வேண்டியவை குளிரில் தூங்காமல் வறட்சியில் தூங்கும் கிழங்குகள். மழை வந்ததும் விழித்து, நவம்பரில் தண்ணீரை நிறுத்தியதும் உறங்கிவிடும் செடிகள். டாஃபடிலின் குடும்பத்திலேயே, அதாவது அமரில்லிடேசி குடும்பத்திலேயே, ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. நம் சஹ்யாத்ரி மலையிலும் உண்டு. முதல் மழைக்குப் புல்வெளியில் வெள்ளையாகப் பூக்கும் பாங்கிராசியம் பார்வம் அந்தக் குடும்பம்தான். மகாராஷ்டிரத்து மலைகளில் இயற்கையாக வளரும் கிரைனம் பிராக்கினிமாவும் அதே குடும்பம். அழிவின் விளிம்பில் இருக்கிறது. மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் இவற்றைத் தோண்டிக்கொண்டு வரவே கூடாது. நர்சரியில் கிடைப்பதே நமக்குப் போதும்.

தொட்டியும் மண்ணும்

கிழங்குச் செடிக்குப் பிளாஸ்டிக் தொட்டியைவிட மண் தொட்டிதான் நல்லது. மண் தொட்டி சுவர் வழியாகவும் காற்று வாங்கும், ஈரம் சீக்கிரம் வற்றும், கிழங்கு அழுகாது. மும்பையின் மற்ற பகுதிக்காரர்களுக்கு இல்லாத வசதி சயான்காரர்களுக்கு இருக்கிறது. ஸ்டேஷனுக்கு மேற்கே தாராவி 90 அடி சாலையை ஒட்டிய கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றுகின்றன. சூளையிலிருந்து வந்த தொட்டியை அங்கேயே தட்டிப் பார்த்து வாங்கலாம். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்தது. மந்தமாக ஒலித்தால் எங்கேயோ விரிசல். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே அகல்விளக்கு வேலைதான் மும்முரமாக நடக்கும். தொட்டி வாங்க அதற்குப் பிறகு போவது நல்லது. அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துளை இல்லாத பானையில் கிழங்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

அளவு 8 அங்குலம் போதும், 10 அங்குலம் தாராளம். 12 அங்குலத் தொட்டி மண்ணோடு நனைந்தால் 20 கிலோவுக்கு மேல் போகும். ஜன்னலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கிரில் பெட்டியில் அப்படிப்பட்ட தொட்டிகளை வரிசையாக வைப்பது ஆபத்து. பழைய கட்டடங்களில் கிரில்லைச் சுவரோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும். கீழே நடந்து போகிறவர் தலையை நினைத்து, கனமான தொட்டிகளைப் பால்கனித் தரையிலேயே வைக்க வேண்டும். தாராவியில் தரைத்தளத்திலோ மாடியறையிலோ இருப்பவர்களுக்குப் பால்கனி இருக்காது. ஏணிப்படியின் ஓரமும் தகரக் கூரையின் விளிம்புமே தோட்டம். அங்கே எடை குறைந்த பழைய பெயின்ட் வாளிகள் நல்லவை. அடியிலும், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டிலும் ஆணியைக் காய்ச்சித் துளையிட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். தெருவில் வெள்ளம் ஏறும் இடமென்றால் ஜூன் பிறப்பதற்குள் தொட்டிகளைச் செங்கல் மேலோ பலகை மேலோ உயர்த்திவிடுங்கள். சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஒரு நாள் நின்ற கிழங்கைக் காப்பாற்றுவது கடினம்.

மும்பை நர்சரிகளில் மூட்டையாக விற்கும் ‘லால் மிட்டி’ என்கிற செம்மண்ணை அப்படியே நிரப்பக் கூடாது. நாலு மழைக்கு அது இறுகிக் கல்லாகிவிடும். செம்மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் 1 பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று கலந்துகொள்ளுங்கள். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டை இரண்டு தடவை அலசி, தூசி போன பிறகு சேர்க்கலாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் மணலில் உப்பு இருக்கக்கூடும், அது வேண்டாம். கலவை சரியா என்று பார்க்க, தொட்டியை நிரப்பி ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் தண்ணீர் மேலே நின்றால் இன்னும் மணல் வேண்டும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் மழைக்காலம் முழுவதும் அதை எடுத்துவிட வேண்டும். கிழங்கு அழுகும் என்பது ஒரு காரணம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். மாநகராட்சியின் பூச்சிக்கட்டுப்பாட்டு ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது முதலில் பார்ப்பதும் இந்தத் தட்டுகளைத்தான்.

வெயில் வரும் திசை

மும்பை 19 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மே நடுவிலும் ஜூலை கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாட்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே நன்றாகச் சாய்ந்து பயணம் செய்யும். அதனால் தெற்குப் பார்த்த பால்கனிக்குக் குளிர்காலத்தில் வெயில் உள்ளே வரைக்கும் வரும். மே, ஜூனில் தரையைத் தொடாது. வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு நேரெதிர். கிழக்குப் பார்த்த இடத்துக்கு வருஷம் முழுவதும் காலை வெயில் உண்டு. கிழங்குச் செடிகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எதிர்க் கட்டடம் மறைக்கிறதா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது மணிக்கொரு தடவை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடத்தில்தான் இனி சொல்லப்போகும் செடிகளில் பெரும்பாலானவை பூக்கும்.

ஒரு குளிர்காலத்து டாஃபடில்

அக்டோபர், நவம்பரில் இணைய வியாபாரிகளிடமும் சில நர்சரிகளிலும் டாஃபடில் கிழங்கு கிடைக்கும். ஏற்கெனவே குளிரூட்டப்பட்ட கிழங்கா என்று கேளுங்கள். ஆம் என்றால் டிசம்பர் முதல் வாரத்தில் நட்டுவிடலாம்; ஜனவரியின் நல்ல குளிருக்கு மொட்டு வரும். இல்லை என்றால் வீட்டு ஃபிரிட்ஜில் நாம்தான் குளிரூட்ட வேண்டும். துளையிட்ட காகிதப் பையில் போட்டுக் காய்கறித் தட்டில் 12 வாரம். இதில் இரண்டு எச்சரிக்கை. ஆப்பிள், வாழைப்பழம் போன்ற பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். அந்த மூன்று மாதமும் பழம் வேறு தட்டில்கூட வேண்டாம், ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கட்டும். இரண்டாவது, இந்தக் கிழங்கு பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும், தின்றால் நஞ்சு. பையின் மேல் ‘பூக்கிழங்கு, சமைக்கக் கூடாது’ என்று தமிழிலும், சமையலுக்கு உதவ வருபவர் படிக்கும்படி மராத்தியிலும் இந்தியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சின்னக் குழந்தைகளோ பார்வை மங்கிய பெரியவர்களோ இருக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் முறையே வேண்டாம் என்பேன். குளிரூட்டிய கிழங்கு கிடைத்தால் மட்டும் முயலுங்கள்.

வகையில் ‘டெட்-அ-டெட்’ நம் வெப்பத்துக்குக் கொஞ்சம் ஒத்துவரும். கார்ன்வால் தோட்டக்காரர் அலெக் கிரே உருவாக்கிய குட்டை வகை அது. ஒரு சாண் உயரத்துக்குள் நின்றுவிடுவதால் சூட்டில் காம்பு நீண்டு சாய்வது குறைவு. 6 அங்குலத் தொட்டியில் ஐந்து கிழங்குகளை நெருக்கமாக, மூக்கு மட்டும் மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். முதல் பத்து நாள் வீட்டிலேயே குளிர்ச்சியான, வெளிச்சம் குறைந்த மூலையில் இருக்கட்டும். முளை இரண்டு அங்குலம் வந்ததும் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள்; பதினொரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். மண் காயாமல் தண்ணீர். நட்டு நாலு வாரத்தை ஒட்டிப் பூ வரும். மும்பை வெயிலில் ஒரு பூ சில நாட்களே நிற்கும். பூத்த பிறகு கிழங்கைக் காப்பாற்றிவைக்க முயல வேண்டாம். அதற்குள் சேமிப்பு தீர்ந்திருக்கும். எதிரே மே மாத வெயிலும் மழையும் காத்திருக்கின்றன. கிழங்கை மக்குக்குழியில் போட்டுவிடுங்கள்.

பொங்கலுக்கு நர்கிஸ்

டாஃபடிலின் சொந்தத் தங்கை நர்கிஸ். ஒரே காம்பில் கொத்தாக வெள்ளைப் பூக்கள், அறையை நிறைக்கும் மணம். காஷ்மீரிலும் இமாசலத்திலும் பழகிப்போன செடி. டெல்லித் தோட்டங்களில் குளிர்காலத்தில் பூக்கிறது. ‘பேப்பர்வைட்’ என்ற பெயரில் விற்கும் வகைக்குக் குளிரூட்டலே தேவையில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். சயானில் டாஃபடில் இனத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் தொடங்க வேண்டியது இதில்தான்.

மண்கூட வேண்டாம். நாலு அங்குல ஆழமுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் பரப்பி, கிழங்கின் பாதி கல்லுக்குள் புதையும்படி உட்காரவைத்து, கிழங்கின் அடியை லேசாகத் தொடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கிழங்கே தண்ணீரில் மூழ்கினால் அழுகும். டிசம்பர் முதல் பத்து நாட்களுக்குள் வைத்தால் பொங்கலை ஒட்டிப் பூக்கும். கொசுவைத் தவிர்க்க இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

நம் ஊர்ச் சூட்டில் இதன் காம்பு நெடுநெடுவென்று வளர்ந்து விழுந்துவிடும். அதற்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். முளை இரண்டு அங்குலம் வந்ததும் வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹால் மிகக் குறைவாகக் கலந்த தண்ணீர். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்து பங்கு. காம்பு மூன்றில் ஒரு பங்கு குட்டையாகிறது. பூவின் அளவு குறைவதில்லை. இதற்கு மேல் கெட்டியாகக் கலந்தால் வேர் கருகும். பீர், ஒயின் போன்ற சர்க்கரை உள்ள எதையும் ஊற்றக் கூடாது.

ஆண்டுதோறும் திரும்பி வருபவை

உறவுக்காரர்களில் எனக்கு மிகவும் பிடித்தது மழை லில்லி. வெங்காயத் தாள் போன்ற மெல்லிய இலை, ரோஜா நிறத்திலோ வெள்ளையிலோ மஞ்சளிலோ ஒரு காம்புக்கு ஒரு பூ. 8 அங்குலத் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு கிழங்கு நடலாம். ஆழம் ஒரு அங்குலம் போதும். இதன் விசை வறட்சிக்குப் பின் வரும் திடீர் ஈரம். காய்ந்து கிடந்த தொட்டியில் ஒரு கனமழை விழுந்தால் சில நாட்களில் தொட்டி முழுக்க ஒன்றாகப் பூக்கும். மே மாத விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போகிற குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டாம். காய விட்டுவிட்டே போகலாம். ஜூன் இரண்டாம் வாரம் பருவமழை மும்பையைத் தொடும்போது அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மழை இடைவெளிவிட்டுப் பெய்யும் ஆண்டுகளில் அக்டோபர் வரை பல சுற்றுப் பூக்கும். இடைவிடாமல் கொட்டும் ஜூலையில்தான் பூ குறையும். அப்போது தொட்டியை ஒரு வாரம் கூரைக்கு அடியில் இழுத்துவைத்து, பிறகு மழையில் விடுங்கள்.

ஃபுட்பால் லில்லியை நம் ஊர்ப் பக்கம் மே ஃபிளவர் என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வருஷத்துக்கு ஒரே தடவை, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள், மொட்டைத் தரையிலிருந்து ஒரு தண்டு கிளம்பி அதன் உச்சியில் சிவப்புப் பந்து விரியும். பந்து முழுக்க நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். இலை பின்னால்தான் வரும். பூ வாடியதும் செடியை மறந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அடுத்த ஆண்டுப் பூ அந்த இலைகள் ஜூன் முதல் அக்டோபர் வரை சமைத்துச் சேர்க்கும் உணவில்தான் இருக்கிறது. அந்த ஐந்து மாதமும் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுங்கள். நவம்பரில் இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். மார்ச் கடைசி வரை தொட்டியோடு காய விடுங்கள், கிழங்கைத் தோண்ட வேண்டாம். இதற்கு வேரைக் கலைப்பது பிடிக்காது. இதற்கு நேர்வெயிலும் தேவையில்லை. வடக்குப் பார்த்த ஜன்னல்காரர்கள் தைரியமாக வைக்கலாம்.

நர்சரியில் ஆமரில்லிஸ் என்று விற்பது பெரும்பாலும் தென் அமெரிக்க ஹிப்பியாஸ்ட்ரம். டாஃபடிலின் கம்பீரத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். கிழங்கின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் மும்பை மழையில் கழுத்துப் பகுதி அழுகும். கிழங்குக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி போதும்; பெரிய தொட்டியில் பூ தாமதமாகும். நவம்பர் பிற்பாதியிலிருந்து எட்டுப் பத்து வாரம் தண்ணீர் கொடுக்காதீர்கள். பிப்ரவரியில் மேல் மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போட்டு, ஒரு தடவை நன்றாக நனையுங்கள். மொட்டு மூக்கை நீட்டும் வரை இரண்டாவது தண்ணீருக்கு அவசரப்பட வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பூக்கும். நீண்ட நாள் பூக்காமல் இலை மட்டும் விடும் செடிக்கு இந்த ஓய்வு கிடைத்திருக்காது. பல வீடுகளில் பாசத்தோடு தினமும் தண்ணீர் ஊற்றுவதே பூவைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்பைடர் லில்லி சொசைட்டி வளாகங்களில் சுவரோரமாக எங்கும் இருக்கிறது. நட்டால் போதும், அதற்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. விஷமூங்கில் என்று ஊரில் சொல்லும் கிரைனமும் இதே குடும்பம். தொட்டிக்கு மிகப் பெரியது. தரையில் இடமிருந்தால் வையுங்கள்.

சம்பங்கி

சம்பங்கி டாஃபடில் குடும்பத்தில் சேராது. மெக்சிகோவிலிருந்து வந்த, ஆனைக்கற்றாழைக்கு உறவான கிழங்கு. ஆனாலும் தமிழ் வீட்டுக்கான அத்தியாயத்தில் அதை விட முடியாது. சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் ஏக்கர் கணக்கில் வளர்வது, தாதர் பூச்சந்தையில் நிஷிகந்தா என்று கட்டுக்கட்டாக வருவது, மாட்டுங்கா கோயில் தெருக்களில் மாலையாகத் தொங்குவது எல்லாம் இந்தப் பூதான். மணமும் மாலையும் வேண்டுமென்றால் ஒற்றை அடுக்கு வகையைக் கேளுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், சிருங்கார் இரண்டும் ஒற்றை அடுக்கு. சுவாசினி, வைபவ் இரட்டை அடுக்கு, ஜாடியில் வைக்க ஏற்றவை. பிரஜ்வலின் மொட்டில் லேசான ரோஜாச் சாயல் இருக்கும்.

நெல்லிக்காய் அளவுக்குக் குறையாத கிழங்காகப் பார்த்து, 10 அங்குலத் தொட்டிக்கு மூன்று வீதம், மார்ச், ஏப்ரலில் இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். முளைக்கும் வரை தண்ணீர் குறைவாகப் போதும். மூன்று மாதத்தில் பூத்தண்டு வரும். இதற்கு முழு வெயில் வேண்டும், நிறையத் தீனியும் வேண்டும். ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொடுங்கள். நாற்றம் அடிக்கும் என்பதால் மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றினால் பக்கத்து வீட்டோடு மனக்கசப்பு வராது. ஒரு தடவை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றி வரும் பக்கக் கிழங்குகள்தான் அடுத்து பூக்கும். அவை நெருங்கிப்போனால் பூ நின்றுவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஜனவரியில் தொட்டியைக் கவிழ்த்துப் பிரித்து, நிழலில் உலர்த்தி, மார்ச்சில் புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணில் நூற்புழு சேர்ந்திருக்கும். வேரில் முடிச்சு தெரிந்தால் அந்த மண்ணைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

புழுவும் அழுகலும்

மழைக்காலத்தில் லில்லிச் செடிகளின் மீது ஒரு நாள் காலையில் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த புழுக்கள் கூட்டமாக இருப்பதைப் பார்ப்பீர்கள். அது லில்லி அந்துப்பூச்சியின் புழு. இரண்டு நாள் விட்டால் இலையைக் கழுத்துவரை தின்று, கிழங்குக்குள்ளும் இறங்கிவிடும். மருந்தைவிடக் கைதான் பலன் தரும். கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஜூன் முதலே இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, முட்டைக் கூட்டம் தெரிந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். வேப்பெண்ணெய் 5 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி சோப்புக் கரைசலோடு கலக்கி, மழை விட்ட மாலையில் தெளிக்கலாம். அடுத்த மழைக்குக் கழுவிப் போகும் என்பதால் திரும்பத் தெளிக்க வேண்டும்.

ஹிப்பியாஸ்ட்ரத்தின் இலையிலும் தண்டிலும் செங்கல் நிறக் கோடுகள் வந்தால் அது பூஞ்சை. டாஃபடிலையும் தாக்கும் அதே பூஞ்சை. அந்த இலையை அடியோடு வெட்டிக் குப்பையில் போட்டு, செடியின் தலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். கிழங்கை அழுத்தினால் மெத்தென்று இருந்து நாற்றம் வந்தால் அது போய்விட்டது. தொட்டியோடு அப்புறப்படுத்துங்கள், பக்கத்துத் தொட்டிக்கும் பரவும்.

நஞ்சு

டாஃபடில், நர்கிஸ், மழை லில்லி, ஹிப்பியாஸ்ட்ரம், ஸ்பைடர் லில்லி, விஷமூங்கில் எல்லாவற்றிலும், முக்கியமாகக் கிழங்கில், லைக்கோரின் என்ற நச்சு இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. பூனை, நாய்க்கும் ஆபத்து. இதே குடும்பச் செடிகளிலிருந்துதான் அல்சைமர் நோய்க்கு 2001இல் அமெரிக்க அரசு அனுமதித்த கலன்டமின் மருந்தும் வந்தது என்பதால் இவை மூலிகை என்று எண்ணிவிடக் கூடாது. கிழங்கு மாற்றும்போது சாறு பட்டுச் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போடுங்கள். பிரித்தெடுத்த கிழங்குகளைச் சமையலறையிலோ வெங்காயக் கூடை இருக்கும் பால்கனி மூலையிலோ உலர்த்தாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், மிச்சமுள்ள கிழங்கையும் ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு சயான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எதைத் தின்றார் என்று மருத்துவருக்குத் தெரிவதில் நேரம் மிச்சமாகும்.

இடம் போதவில்லை என்றால்

நவம்பரில் ஃபுட்பால் லில்லியும் ஹிப்பியாஸ்ட்ரமும் தூங்கப் போனதும் அவற்றுக்கு வெயில் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். கட்டிலுக்கு அடியிலோ படிக்கட்டுக்குக் கீழேயோ, எலி வராத உலர்ந்த இடத்தில் தொட்டிகளைத் தள்ளிவிடலாம். எது எந்தச் செடி என்று சாக்பீஸால் தொட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். அவை காலி செய்த வெயில் இடத்தில் டிசம்பரில் நர்கிஸ் கிண்ணம் உட்காரட்டும். பிப்ரவரியில் நர்கிஸ் முடிந்ததும் ஹிப்பியாஸ்ட்ரம் வெளியே வரும். மார்ச் கடைசியில் ஃபுட்பால் லில்லி எழும்போது அதை நிழல் பக்கம் வைத்துவிட்டால் வெயில் இடம் சம்பங்கிக்கு மிஞ்சும். மூன்றடி பால்கனியில் இப்படி நாலு செடி வைக்கலாம். பைகுல்லா ராணி பாக்கில் மாநகராட்சி ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நடத்தும் மலர்க் கண்காட்சிக்குப் போனால் இந்தச் செடிகளை விற்பவர்கள் சுற்றிலும் கடை போட்டிருப்பார்கள். கிழங்குகள் தூக்கத்தில் இருக்கும் அந்தச் சமயமே வாங்கவும், பெருகியதைத் தெரிந்தவர்களோடு மாற்றிக்கொள்ளவும் ஏற்ற காலம்.